மாசி இருட்டில் எதைப் படமெடுப்பது? சின்னத் தொலைநோக்கி வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

நல்ல தொலைநோக்கி, வானத்தோடு சேர்ந்து ஓடுகிற மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் தலை), சுத்தமான வானம் எல்லாம் இருந்தும் பலர் விடியும்போது உருப்படியான ஒரு படம்கூட இல்லாமல் வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலும் கருவி மேல் குற்றமில்லை. குறிவைத்த பொருள்தான் தவறு. இணையத்தில் கிடைக்கும் பிப்ரவரி, மார்ச் பட்டியல்களில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்கள் தங்கள் வானத்துக்கு எழுதியவை. அதை அப்படியே எடுத்துவந்து வாணியம்பாடியிலோ குப்பத்திலோ வைத்தால் பாதிப் பொருள்கள் மரக்கிளைக்குப் பின்னால் இருக்கும். நமக்கு மட்டும் வாய்த்த தென்வானப் பொருள்களோ அந்தப் பட்டியலிலேயே இருக்காது.

இந்தக் கட்டுரை ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களுக்கு: ஆலங்காயம், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம், எல்லை தாண்டினால் குப்பம், பலமநேர். கணக்குகள் 12.6 டிகிரி வடக்கு அட்சரேகைக்குப் போட்டவை. கேரள எல்லையில் கம்பத்திலோ செங்கோட்டையிலோ இருப்பவர்கள் தென்திசைப் பொருள்களுக்கு மூன்று டிகிரி சுமார் கூட்டிக்கொள்ளலாம்.

1. முதலில் நாள்காட்டி, பிறகு வானம்

தினசரி காலண்டரில் திதி பாருங்கள். தேய்பிறை அஷ்டமியிலிருந்து வளர்பிறை சதுர்த்தி வரைதான் வேலை நாள்கள். ஆனால் அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரே பொருளை எடுக்க முடியாது. அமாவாசைக்கு முன்னால் நிலா பின்னிரவில் உதிக்கும். அதனால் முன்னிரவுப் பொருள்கள், அதாவது ஓரியன் பக்கம் இருப்பவை, அப்போது கிடைக்கும். அமாவாசைக்குப் பிறகு நிலா மாலையில் மேற்கே நிற்கும். ஒன்பது பத்து மணிக்கு மறையும். அந்த நாள்களில் ஓரியனை விட்டுவிட்டு, பிறகு ஏறிவரும் சிம்மத்துக்கும் தென்வானத்துக்கும் போங்கள்.

ஒரு பொறி: மகா சிவராத்திரி மாசி மாதத் தேய்பிறை சதுர்த்தசியில் வரும். நிலவில்லாத அருமையான இரவு அது. ஆனால் மலைக்கோயில்களில் விடிய விடிய ஃபோகஸ் லைட்டும் வண்டி நடமாட்டமும் இருக்கும். அடுத்து வரும் அமாவாசையில் வேலூர், குடியாத்தம் வட்டாரத்தில் மயானக் கொள்ளை, சாலையெல்லாம் கூட்டம். 2027-ல் மார்ச் 6 சனிக்கிழமை சிவராத்திரி, 8 திங்கட்கிழமை அமாவாசை. அந்த வார இறுதியில் போவதானால் கோயில் இல்லாத பக்கமாக இடம் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் முன்னதாக, பிப்ரவரி 27 சனிக்கிழமை போகலாம். அன்று நிலா நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும்.

மாசியில் முழு இருட்டு இரவு ஏழரைக்குத் தொடங்கி விடிகாலை ஐந்தேகால் வரை இருக்கும். மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஓரியன் போய்விடும். மலைச் சரிவுகளில் காய்ந்த புல் எரியத் தொடங்கினால் அந்தப் புகை அடிவானத்தில் பத்துப் பதினைந்து டிகிரியை விழுங்கிவிடும்.

2. உங்கள் பிரேம் எத்தனை டிகிரி?

இந்த ஒரு கணக்கைப் போடாமல் பொருள் தேடாதீர்கள். சென்சாரின் அகலத்தை மி.மீ.யில் எடுத்து 57.3-ஆல் பெருக்கி, தொலைநோக்கியின் குவியத் தூரத்தால் வகுங்கள்.

420 மி.மீ. குவியத் தூரம் உள்ள 72 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியில் கேனன் ஏபிஎஸ்-சி கேமரா (22.3 × 14.9 மி.மீ.) மாட்டினால் 3 × 2 டிகிரி கிடைக்கும். முழு நிலா அரை டிகிரி. அப்படியானால் ஆறு நிலாவை வரிசையாக வைக்கலாம். 650 மி.மீ. கொண்ட 130 மி.மீ. நியூட்டோனியனில் (கண்ணாடித் தொலைநோக்கியில்) அதே கேமரா சுமார் 2 × 1.3 டிகிரி காட்டும். சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கியில் 1.3 × 0.7 டிகிரிதான்.

இனிப் பொருளின் அளவைப் பாருங்கள். பிரேமின் குறுகிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை பொருள் நிறைந்தால் படம் நன்றாக அமையும். ரோசெட் நெபுலா (ஒளிரும் வாயு மேகம்) ஏறத்தாழ 1.3 டிகிரி. 420 மி.மீ.யில் அழகாக உட்காரும். 650-ல் ஓரம் இடிக்கும். சீஸ்டாரில் மொசைக் (பக்கத்துப் பக்கத்துப் படங்களை ஒட்டுவது) போட்டால்தான் உண்டு. இதற்கு நேர்மாறாக, தோரின் தலைக்கவசம் எனப்படும் என்ஜிசி 2359 (என்ஜிசி, எம் என்பவை வான்பொருள் பட்டியல் எண்கள்) பத்து ஆர்க்நிமிடம் சுமார்தான்; அறுபது ஆர்க்நிமிடம் ஒரு டிகிரி. 420 மி.மீ.யில் அது ஒரு பொட்டு. ஸ்டெல்லேரியத்தில் உங்கள் சென்சார், தொலைநோக்கி அளவுகளைக் கொடுத்தால் வானத்தின் மேல் செவ்வகம் வரைந்து காட்டும். இலவசம். வீட்டிலேயே உட்கார்ந்து பொருளைச் செவ்வகத்துக்குள் வைத்துப் பாருங்கள், கேமராவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது உட்பட.

நியூட்டோனியன் வாங்கியவர்களுக்கு மட்டும்: சில மாடல்களில் டிஎஸ்எல்ஆர் மாட்டினால் ஃபோகஸ் கிடைக்கவே கிடைக்காது. ஃபோகஸர் முழுதும் உள்ளே போன பிறகும் இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கும். பகலில் தொலைதூரச் செல்போன் கோபுரத்தை வைத்துச் சோதித்துவிட்டு மலையேறுங்கள்.

3. அது எவ்வளவு உயரம் ஏறும்?

பொருளின் டிக்ளினேஷனுக்கும் (வானத்தின் அட்சரேகை; வடக்கே +, தெற்கே −) உங்கள் அட்சரேகைக்கும் உள்ள வித்தியாசத்தை 90-லிருந்து கழியுங்கள். அதுதான் அந்தப் பொருள் ஏறக்கூடிய அதிகபட்ச உயரம். 30 டிகிரிக்குக் கீழே உள்ளதன் ஒளி, தலைக்கு மேலே இருப்பதைவிட இரண்டு மடங்குக் காற்றைக் கடந்து வருகிறது. மங்கும், மஞ்சளாகும், நடுங்கும்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் முதலிடம் எம்81, எம்82 கேலக்ஸி ஜோடிக்குத்தான். டிக்ளினேஷன் +69. நம் வானத்தில் அது உச்சம் தொடும்போதே 34 டிகிரிதான். வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் முகடு மறைத்தால் அதுவும் குறையும். அதை விட்டுவிடுங்கள். தெற்கே பாருங்கள்: ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து −47.5, நமக்கு 30 டிகிரி ஏறும். லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

4. உங்கள் கேமராவுக்குச் சிவப்பு தெரியுமா?

கடையில் வாங்கிய டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருக்கிறது. 656 நானோமீட்டரில் ஒளிரும் ஹைட்ரஜன் ஆல்ஃபா சிவப்பில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். ரோசெட், குதிரைத்தலை, கூம்பு நெபுலா ஆகியவை அந்தச் சிவப்பை நம்பி இருப்பவை. மாற்றம் செய்யாத கேமராவில் மூன்று மணி நேரம் எடுத்தாலும் வெளிறிய சாம்பல் திட்டாகத்தான் வரும். ஃபில்டரை நீக்கித் தருபவர்கள் உண்டு. ஆனால் வாரண்டி போகும். பகல் படங்களில் சிவப்பேறும். முதல் ஒரு வருடம் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. விண்மீன் கொத்துகள், கேலக்ஸிகள், எம்42 என்ற ஓரியன் நெபுலா ஆகியவற்றுக்கு இருக்கிற கேமராவே போதும்.

நெபுலாக்கள் ஒளிரும் இரண்டு நிறங்களை மட்டும் உள்ளே விடும் இரட்டை நேரோபேண்ட் ஃபில்டரையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். இரண்டு அங்குல அளவில் நல்லதாக வாங்கப்போனால் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகும். நெபுலாவுக்கு மட்டும்தான் உதவும். கேலக்ஸிக்கு மாட்டினால் கேலக்ஸியின் ஒளியையே வெட்டும்.

5. இனிப் பொருள்கள், இருட்டும் நேரத்திலிருந்து விடியல் வரை

கீழே உள்ள நேரங்கள் மார்ச் முதல் வாரத்துக்கு. ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாக நகரும். பிப்ரவரி நடுவில் என்றால் ஒன்றேகால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எம்42, ஓரியன் நெபுலா. ஏழரைக்கு இருட்டும்போதே உச்சியைத் தாண்டியிருக்கும். பத்தே முக்கால்வரை 30 டிகிரிக்கு மேல் நிற்கும். புதியவர்கள் எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் எல்லோரும் செய்யும் தவறும் இதில்தான்: இரண்டு நிமிட எக்ஸ்போஷர் மட்டும் எடுத்தால் நடுவிலுள்ள ட்ரபீசியம் விண்மீன்கள் வெள்ளைக் குழம்பாகிவிடும். ஐஎஸ்ஓ 800-ல் 10 விநாடிப் படங்கள் 30, இரண்டு நிமிடப் படங்கள் 40 எடுங்கள். தனித்தனியாக ஸ்டாக் செய்து (மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து), பிறகு நடுப்பகுதிக்கு மட்டும் குறும் எக்ஸ்போஷரைச் சேருங்கள். கேமரா திரையில் படத்தைப் பெரிதாக்கி அந்த நான்கு விண்மீன்களும் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டிரண்டாக ஒட்டியிருந்தால் ஃபோகஸ் சரியில்லை அல்லது 10 விநாடியே அதிகம், ஐந்தாக்குங்கள்.

ரோசெட். எட்டு மணி சுமாருக்கு உச்சம், 82 டிகிரி. மாற்றம் செய்த கேமராவோ வானியல் கேமராவோ இருந்தால் மாசிக்கு இதுதான் முதல் தேர்வு. குறைந்தது மூன்று மணி நேரம் கொடுங்கள்.

எம்46, எம்47. ஒன்பது மணிக்கு உச்சம், 63 டிகிரி. சிரியஸுக்குக் கிழக்கே இரண்டும் ஒன்றேகால் டிகிரி இடைவெளியில் இருப்பதால் 420 மி.மீ. பிரேமில் இரண்டும் அடங்கும். சாதாரணக் கேமராவுக்கு இதைவிட நல்ல பொருள் இந்த மாதத்தில் இல்லை. இருந்தும் பட்டியல்களில் இதற்கு இடம் கிடைப்பது குறைவு, ஏன் என்று புரியவில்லை. எம்47-ல் சில தடித்த நீல விண்மீன்கள்; எம்46-ல் உப்பைத் தூவியதுபோல் நூற்றுக்கணக்கில். அந்த உப்புக்குள் வடக்கு ஓரத்தில் பாருங்கள்: 30, 40 பிக்சல் அகலத்தில் நீலப்பச்சையாக ஒரு புகை வளையம். அது என்ஜிசி 2438, ஒரு கோள்வடிவ நெபுலா. கொத்தைச் சேர்ந்ததல்ல, நமக்கும் கொத்துக்கும் இடையே நிற்கிறது. ஒரு நிமிடப் படங்கள் 60 எடுத்தால் வளையத்தின் நடுத்துளை தெரியத் தொடங்கும். ஆட்டோகைடிங் (இன்னொரு சிறு கேமரா மவுண்டின் ஓட்டத்தைத் திருத்திக்கொண்டே இருப்பது) இல்லாதவர்களாலும் முடியும்.

எம்44. பூச நட்சத்திரம் இருக்கும் அதே இடத்துக் கொத்து. ஒன்றரை டிகிரி அகலம், இரவு பத்து மணிக்கு உச்சம். அரை மணி நேரம் போதும். பக்கத்தில் இருக்கும் எம்67 சிறியது, வயதான மஞ்சள் விண்மீன்கள் நிறைந்தது, 650 மி.மீ.க்கு அது.

சிம்ம மூவர்: எம்65, எம்66, என்ஜிசி 3628. பூர நட்சத்திரத்தின் இரு விண்மீன்களில் தெற்கே உள்ளதற்கும் அதற்குக் கீழே இருக்கும் ஐயோட்டா லியோனிஸுக்கும் நடுவில் முதல் இரண்டும் இருக்கும். மூன்றும் முக்கால் டிகிரிக்குள் அடங்கும். 72 மி.மீ.யில் சிறிதாகத்தான் தெரியும் என்றாலும் ஒரே பிரேமில் மூன்று கேலக்ஸி என்பது புதியவருக்குப் பெரிய ஊக்கம். மூன்று நான்கு மணி நேரம் தேவை.

இங்கேதான் நம் அட்சரேகையின் தனித் தொல்லை. இவற்றின் டிக்ளினேஷன் +13. நம் அட்சரேகை 12.6. நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்கு இவை உங்கள் தலைக்கு நேர் மேலே கடக்கும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் ஆல்ட்-அசிமத் மவுண்டோ சீஸ்டாரோ அந்த நேரத்தில் ஒரேயடியாகச் சுற்ற வேண்டியிருக்கும். ட்ராக்கிங் உடையும், விண்மீன்கள் வில்லாக வளையும். துருவத்தை நோக்கிய அச்சில் சுழலும் எக்குவட்டோரியல் மவுண்டில் குழாய் செங்குத்தாக நிற்கும். கேமராவின் பின்பக்கம் ட்ரைபாட் காலில் இடிக்கும். ஆகவே ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை கிழக்கில் எடுங்கள், ஒன்றேகால் மணி நேரம் நிறுத்துங்கள், மெரிடியன் ஃபிளிப் (குழாயை மவுண்டின் மறுபக்கம் மாற்றுவது) செய்துவிட்டு ஒன்றேகாலிலிருந்து மேற்கில் தொடருங்கள்.

ஒமேகா சென்டாரி. உச்சம் இரண்டே முக்கால். ஒரு மணியிலிருந்து நாலரை வரை 25 டிகிரிக்கு மேல் இருக்கும். நிலாவைவிடப் பெரிதாகத் தெரியும் கோளக் கொத்து. 30 முதல் 60 விநாடிப் படங்கள் 60 போதும்; நடுப்பகுதி எரிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நாலரை டிகிரி வடக்கே சென்டாரஸ் ஏ கேலக்ஸி, குறுக்கே கருந்தூசிப் பட்டையோடு. அது 34 டிகிரி ஏறும்.

கரீனா நெபுலா நள்ளிரவில் உச்சம், ஆனால் 17 டிகிரிதான். தெற்கே மறைப்பில்லாத மலைவிளிம்பு இருந்தால் முயலலாம். முதல் பயணத்தில் வேண்டாம்.

ஓர் இரவுக்கு இரண்டு பொருள், அதிகபட்சம் மூன்று. ஏழு பொருளுக்கு இருபது நிமிடம் வீதம் எடுத்தால் ஏழும் குப்பைதான். முதல் தடவை போகிறவர்களுக்கு என் பரிந்துரை: ஏழரைக்கு எம்42, ஒன்பதேகாலிலிருந்து எம்46-47, தெம்பிருந்தால் ஒன்றரைக்கு ஒமேகா சென்டாரி.

6. இடமும் காகிதங்களும்

பொருள் முடிவானால் திசை முடிவாகிவிடும். குப்பம் பக்கம் இருந்தால் தெற்கே பர்கூர், நாட்றம்பள்ளி வழியாகப் போகும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையின் வெளிச்சம் எழும். தலைக்கு மேலுள்ள பொருள்களுக்கு அது தொந்தரவில்லை; ஒமேகா சென்டாரிக்குத் தொந்தரவு. தென்வானம் வேண்டுமானால் ஜவ்வாது மலை மேல் ஆலங்காயம்–ஜமுனாமரத்தூர் பக்கம் ஏறுங்கள். அங்கிருந்து தென்கிழக்கில் திருவண்ணாமலையின் மங்கல் ஒளி மட்டும் மிஞ்சும். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது. அதன் அருகே ஹெட்லைட்டையும் டார்ச்சையும் வானத்தை நோக்கி அடிக்காதீர்கள்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் தங்க முடியாது. பட்டா நிலமாகப் பாருங்கள். நிலத்துக்காரரிடம் நேரில் பேசி, அவர் பெயர், செல் எண்ணோடு ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம், பலமநேர், குப்பம் காட்டோரங்களில் யானை நடமாட்டம் உண்டு. கௌண்டின்யா சரணாலயம் ஒட்டியிருக்கிறது. மாங்காய்த் தோப்பு, கரும்புக் கொல்லை ஓரத்தில் கருவியைப் பரப்பாதீர்கள். ஊருக்குள், வீட்டு மொட்டைமாடி கிடைத்தால் அதுவே மேல்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார் நகல், வண்டிக் காகிதங்கள், கேமரா, தொலைநோக்கி பில் நகல், சம்மதக் கடிதம். சித்தூர் மாவட்ட எல்லையில் செம்மரக் கடத்தலைத் தடுக்க இரவுச் சோதனை கடுமையாக நடக்கும். தமிழ்நாட்டு எண் கொண்ட வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். நீளக் குழாயும் ஒயர்களும் பார்த்தால் கேள்வி வருவது இயல்பு. இறங்கி, உள்விளக்கைப் போட்டு, "நட்சத்ரால ஃபோட்டோலு தீஸ்துன்னாம்" (நட்சத்திரப் படம் எடுக்கிறோம்) என்று தெலுங்கில் சொல்லி, செல்லில் ஒரு நிலாப் படத்தைக் காட்டினால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தேர்தல் காலத்தில் பறக்கும் படையும் சேர்ந்துகொள்ளும். அப்போது பில் இல்லாமல் விலையுயர்ந்த பொருள் எடுத்துப்போகாதீர்கள். தங்கப்போகும் ஊரின் காவல் நிலையத்தில் மாலையே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

7. மவுண்ட் அமைப்பு

துருவ நட்சத்திரம் நமக்கு 12, 13 டிகிரி உயரத்தில்தான். ஒரு தென்னை மரமே மறைத்துவிடும். இடம் பார்க்கப் பகலில் போகும்போது திசைகாட்டியோடு வடக்கு அடிவானத்தைப் பாருங்கள். வடக்கு மறைந்தால், பிளேட் சால்விங் (படத்திலுள்ள விண்மீன்களை வைத்துத் திசையைக் கண்டுபிடிப்பது) மூலம் போலார் அலைன்மென்ட் (மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்குவது) செய்யும் மென்பொருள் தேவைப்படும்.

இன்னொன்று: மவுண்டை இவ்வளவு தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி ட்ரைபாட்டின் வடக்குக் காலில் மோதும். பல மவுண்ட்களில் நடப்பதுதான். வாங்குமுன் குறைந்தபட்ச அட்சரேகை 10 டிகிரியோ அதற்குக் கீழோ என்று பாருங்கள். மோதினால் தலைக்கும் ட்ரைபாட்டுக்கும் நடுவே நீட்டிப்புத் தூண் போடலாம். எடையைக் கம்பியில் கொஞ்சம் மேலே ஏற்றுவதும் சில சமயம் போதும்.

8. மின்சாரம், பனி, வெப்பம்

மவுண்ட் ஓர் ஆம்பியர், பனி விரட்டும் ஹீட்டர் பட்டைகள் ஓர் ஆம்பியர், கைடு கேமராவும் சிறு கணினியும் ஓர் ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி. யூபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 12 வோல்ட், 30 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரி ஒன்று வாங்குங்கள். செலவுப் பட்டியலில் ஃபில்டருக்கு முன்னால் இது வர வேண்டும். கார் பேட்டரியிலிருந்து எடுத்தால் காலையில் மலைமேல் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். கேமரா பேட்டரி மூன்று, 32 ஜிபி கார்டு இரண்டு.

மலையில் பின்னிரவில் லென்ஸில் பனி படியும். படம் மெல்ல மெல்ல மங்கும், விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் வரும். மேகம் என்று நினைத்துக் காத்திருப்பார்கள். ஹீட்டரைப் பனி படிந்த பிறகல்ல, இருட்டும்போதே போடுங்கள். துணியால் லென்ஸைத் துடைக்காதீர்கள். யோகா பாயைச் சுருட்டி முன்பக்கம் பனிமறைப்பாக மாட்டினால் செலவில்லாமல் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும்.

குளிரூட்டி இல்லாத கேமராவில் டார்க் படங்களை (சென்சாரின் இரைச்சலை மட்டும் பதியும் இருட்டுப் படங்கள்) மறுநாள் வீட்டில் எடுத்தால் பொருந்தாது. மாலை 25 டிகிரி, விடியலில் 17 டிகிரி என்றால் சென்சாரின் இரைச்சலும் அதற்கேற்ப மாறியிருக்கும். பொருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூடி போட்டு, அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓவில் 15 டார்க் எடுங்கள். டீ குடிக்கும் நேரம்தான். ஃபிளாட் படங்களை (ஓர இருளையும் தூசுப் புள்ளிகளையும் நீக்க உதவுபவை) விடியல் வெளிச்சத்தில், வெள்ளை வேட்டித் துணியை முன்னால் இழுத்துக் கட்டி, 25 எடுங்கள். அதற்கு முன் கேமராவைக் கழற்றவோ ஃபோகஸைத் தொடவோ கூடாது. ஸ்டாக்கிங்கிற்கு சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் இரண்டும் இலவசம்; 200 ரா படங்களுக்கு மடிக்கணினியில் தாராளமாகக் காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள், இடையில் உருவாகும் கோப்புகள் மூலப்படங்களைவிடப் பல மடங்கு பெருகும்.